கையில் மை இல்லை, ஓட்டு மட்டும் போயிட்டு: கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற வாத்தியார். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன். மக்களவைத் தேர்தல் பற்றி, யார் ஜெயிப்பார் என்பதைத் தவிர எதையும் கேளுங்கள் என்றேன். வந்தவை இவை.

ஆலங்குளம்: அண்ணாச்சி, நாங்க இப்போ தென்காசி மாவட்டம். எம்.பி. ஓட்டு மட்டும் ஏன் திருநெல்வேலிக்கு?

தொகுதிக் கோடு போட்டது 2008-ல். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். மாவட்டத்தைப் பிரித்தால் தொகுதி கூடவே நகராது. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம்கூட தென்காசி தொகுதியில்தான் கிடக்கிறது.

முக்கூடல்: பீடி சுத்துதவ நான். பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனா போதுமா?

போதாது தாயி. அது வரிசை எண் பார்க்கத்தான். வாக்காளர் அட்டை, ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இதில் ஏதாவது ஒன்று வேண்டும். பட்டியலில் பேர் இருக்கா என்று முதலில் பாருங்கள். பேர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது.

வீரவநல்லூர்: என் ஓட்டை வேற எவனும் போட்டுட்டுப் போயிட்டா?

சத்தம் போடாமல் தலைமை அலுவலரிடம் போய் '49பி' என்று சொல்லுங்கள். நம் பேரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் தேர்தல் விதி அது (49P). நீங்கள் நீங்கள்தான் என்று அவருக்குத் திருப்தியானால் வாக்குச்சீட்டு தருவார். மெஷின் கிடையாது, பழைய காலம் போல முத்திரை குத்தி, அவரிடமே கொடுக்க வேண்டும்.

ஒருமுறை மத்தியானம் ஓர் ஆச்சி வந்தாள். பட்டியலில் அவள் பேருக்கு நேரே ஓட்டு விழுந்தாயிற்று. அவள் விரலிலோ மை இல்லை. சீட்டு கொடுத்தேன். குத்திவிட்டு, "இதை எண்ணுவாவளா?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. அந்தச் சீட்டு உறைக்குள் போய்விடும். எண்ணிக்கை நாளில் பிரிக்க மாட்டார்கள். தேர்தல் வழக்கில் கோர்ட்டு கேட்டால்தான் வெளியே வரும். "அப்போ காலையிலேயே வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் ஆலோசனையும் அதுதான்.

பேட்டை: நோட்டா முதலிடம் வந்தா?

அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்தவர். டெபாசிட் காக்க வேண்டிய ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதும் நோட்டாவைச் சேர்ப்பதில்லை.

வள்ளியூர்: மகன் பேர் மும்பையிலயும் இருக்கு, இங்கயும் இருக்கு.

ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு தொகுதியில் போட்டால் இரண்டுமே செல்லாது.

பாளையங்கோட்டை: ஆறு மணிக்கு கதவைச் சாத்திருவாவளா?

அதற்குள் வரிசையில் நின்றவர் எல்லோரும் போடலாம், எட்டு மணி ஆனாலும். கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு முன்னால் வருவோம். முன்னாலிருந்து தொடங்கினால், கொடுக்கக் கொடுக்க வால் நீண்டுகொண்டே போகும்வே!