மண்ணில் எத்தனை பிளாஸ்டிக்?

கேள்வி: விளைநிலத்து மண்ணில் கிலோவுக்குச் சில பத்து நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் இருப்பதாக ஒரு கட்டுரையில் படித்தேன். அடுத்த மாதமே இன்னொரு கட்டுரையில் பல ஆயிரம் என்று போட்டிருந்தது. இரண்டுமே ஆய்வகத்தில் எண்ணிய கணக்குதான். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம். எந்த அளவு வரைக்கும் தேடினார்கள் என்று முதலில் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நுண்பிளாஸ்டிக் என்று மேல் எல்லையைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். கீழ் எல்லைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1 மி.மீ. சல்லடையில் தங்கியதை மட்டும் எண்ணுபவருக்கு ஒரு கணக்கு வரும், 20 மைக்ரான் (1 மி.மீ. என்பது 1,000 மைக்ரான்) வரை இறங்கித் தேடுபவருக்கு வேறு கணக்கு வரும். பக்கத்துக்கு 1 மி.மீ. உள்ள, சர்க்கரைக் கட்டி மாதிரியான ஒரு கனசதுரத் துணுக்கு 100 மைக்ரான் துண்டுகளாக நொறுங்கினால் 1,000 ஆகிறது. 10 மைக்ரான் துண்டுகளாக நொறுங்கினால் 10 லட்சம். மண்ணில் பிளாஸ்டிக் கொஞ்சமும் கூடவில்லை, எண்ணிக்கை மட்டும் எகிறிவிட்டது.

அப்படியானால் எடையில் சொல்லலாமே என்பீர்கள். சொல்கிறார்கள். மாதிரியைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் வாயுவை வைத்து இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடும் முறை உண்டு. ஆனால் மண்ணில் இயற்கையாக உள்ள கொழுப்பும் மெழுகும் சிதையும்போது பாலிஎத்திலீன் தரும் அதே தடயங்களில் சிலதைத் தந்துவிடும். அவற்றை முன்கூட்டியே கழுவி எடுக்காத ஆய்வில் பாலிஎத்திலீன் கணக்கு வீங்கித்தான் இருக்கும். எடைக் கணக்கையும் எண்ணிக்கைக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது. வடிவத்தையும் அடர்த்தியையும் ஊகித்தால்தான் ஒன்று மற்றொன்றாக மாறும்.

கேள்வி: கடல் நீரில் எண்ணிவிடுகிறார்களே, மண்ணில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

பதில்: தண்ணீரை வடிகட்டினால் தாளில் தங்கிவிடும். மண்ணை என்ன செய்வது? அதுவே வடிதாளை அடைத்துக்கொள்ளும். அதனால் மண்ணை உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை மட்டும் எடுக்கிறோம். சாதாரண உப்பு எவ்வளவு போட்டாலும் கரைசலின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், சுமார் 1.2 தாண்டாது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் 1-க்குக் கீழே, அதனால் சுகமாக மிதக்கும். குழாய் செய்யும் பிவிசியும் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் 1.4-ஐ ஒட்டி இருப்பவை. அவை மணலோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். 'இந்த மண்ணில் பிவிசி இல்லை' என்று உப்புக் கரைசல் மட்டும் பயன்படுத்திய அறிக்கை சொன்னால், அது மண்ணைப் பற்றிய சேதி இல்லை, கரைசலைப் பற்றிய சேதி. துத்தநாக குளோரைடு போட்டால் 1.6 வரை ஏற்றலாம். அது கையை அரிக்கும், கழிவைக் கொட்ட இடம் தேட வேண்டும். சோடியம் அயோடைடும் நல்லதுதான், விலைதான் பயமுறுத்தும். ஆகவே பல இடங்களில் சாதா உப்போடு நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம் மட்கு. அதுவும் லேசு, கூடவே மிதந்து வரும். அதைக் கரைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவோம். சூடு மிஞ்சினால் சில பிளாஸ்டிக்கும் பாதிக்கப்படும். அவசரப்பட்டு வலுவான அமிலம் ஊற்றினால் நைலான் போயே போய்விடும். காரம் கூடினால் பெட் அரிக்கப்படும். அழுக்கு போக வேண்டும், துணி கிழியக் கூடாது என்ற கதைதான்.

கேள்வி: நுண்ணோக்கியில் பார்த்தாலே பிளாஸ்டிக் தெரிந்துவிடாதா?

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் பன்னிரண்டு மாதிரிகளிலும் அழகான நீல இழைகள் கிடைத்தன. ஒரே மாதிரி நீலம், ஒரே தடிமன். பெருமையாக எழுதிக்கொண்டு போனேன். எனக்கு மேலதிகாரியாக இருந்த அம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிளாங்க் எங்கே?" என்று மட்டும் கேட்டார். பிளாங்க் என்றால் மண் போடாமல், வெறும் கரைசலை வைத்து அதே வேலையை முதலிலிருந்து கடைசி வரை செய்வது. செய்தேன். மண்ணே இல்லாத தாளில் ஒன்பது நீல இழைகள். ஏசி குளிருக்காக நான் போட்டிருந்த அக்ரிலிக் ஸ்வெட்டர்! அன்றிலிருந்து பருத்திக் கோட்டுதான், குளிர் அடித்தாலும் சரி.

இழை போகட்டும், துணுக்குக்கு வருவோம். ஒரே வடிதாளை நானும் ஒரு நண்பரும் தனித்தனியே எண்ணினோம். எனக்கு 43, அவருக்கு 27. பூச்சியின் ஓட்டுத் துண்டையும் விதைத்தோலையும் நான் சேர்த்திருந்தேன். வெண்மையான சிலவற்றை மணல் என்று அவர் விட்டிருந்தார். அதனால் ஒவ்வொன்றையும் அகச்சிவப்பு ஒளியில் வைத்து, அது திருப்பித் தரும் நிறமாலையைத் தெரிந்த பிளாஸ்டிக்குகளின் பதிவுகளோடு ஒப்பிடுவது அவசியம். அந்தக் கருவிக்கு 10, 20 மைக்ரானுக்குக் கீழே பார்வை மங்கும். லேசர் ஒளி சிதறுவதை வைத்து அடையாளம் காணும் ராமன் கருவி 1 மைக்ரான் வரை போகும், ஆனால் மட்கு ஒட்டியிருந்தால் அதன் ஒளிர்வு எல்லாவற்றையும் மறைத்துவிடும். டயர் தேய்ந்து விழும் கறுப்புத் துகள் அகச்சிவப்பை விழுங்கிக்கொள்ளும், எனவே பல அறிக்கைகளில் டயர் என்ற பேச்சே இருக்காது. இன்னொரு வேடிக்கை: சில கையுறைகளில் உள்ள ஸ்டியரேட் என்ற சோப்பு போன்ற பூச்சு விரல் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, பாலிஎத்திலீன் போலவே நிறமாலை காட்டும். சுத்தத்துக்காகப் போட்ட கையுறை!

கேள்வி: '95 சதவீதம் மீட்டெடுத்தோம்' என்று ஓர் ஆய்வு சொன்னால் நம்பலாமா?

பதில்: எதை மீட்டார்கள் என்று பாருங்கள். தெரிந்த எண்ணிக்கையில் பிளாஸ்டிக்கை மண்ணில் கலந்து, திரும்ப எத்தனை வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. பெரும்பாலும் கலப்பது புதிய, வண்ணமுள்ள, கண்ணுக்குத் தெரிகிற அளவு மணிகள். வயலில் பல வருடம் கிடந்து வெடித்து, களிமண் பூசிக்கொண்ட மெல்லிய படலம் அப்படி மிதந்து வராது. மணல் மண்ணில் செய்த சோதனையைக் களிமண்ணுக்கும் சேர்த்து எழுதியிருந்தால், அந்த 95-ஐ நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

கேள்வி: நுண்பிளாஸ்டிக்கால் மண்புழு சாகும் என்கிறார்களே?

பதில்: 2016-இல் வெளிவந்த, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனையில், புழு தின்னும் இலைச்சருகில் பாலிஎத்திலீனை 7, 28, 45, 60 சதவீதம் என்று கலந்தார்கள். 28-இலிருந்து மேலே சாவு கூடியது, 7-இல் கூடவில்லை. செய்தித் தலைப்பில் சாவு மட்டும் வரும், சதவீதம் வராது.

கேள்வி: என் நிலத்து மண்ணைச் சோதிக்கக் கொடுக்க விரும்புகிறேன். எப்படி எடுப்பது?

பதில்: பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், முதல் தவறே அதுதான். இரும்புக் கரண்டி, கண்ணாடி ஜாடி, மூடியின் உள்ளே அலுமினியத் தாள். ஒரே குழியில் தோண்டாமல் பத்துப் பதினைந்து இடங்களில் ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்துவிடுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் மூடாக்குத் துண்டு விழுந்த இடத்தில் எக்கச்சக்கமும் இரண்டடி தள்ளி ஒன்றுமில்லாமலும் இருக்கும். காலி ஜாடி ஒன்றையும் அத்தனை நேரமும் பக்கத்தில் திறந்து வைத்திருந்து, மூடி அதையும் அனுப்புங்கள். அதில் எத்தனை கிடைத்தது என்று அறிக்கையில் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னாலேயே.