மகனிடம் ஒப்படைத்த பனியன் கம்பெனி: திருப்பூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நீங்கள் வளர்த்த ஏற்றுமதி பனியன் கம்பெனியை எம்.பி.ஏ. முடித்த மகனிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அமெரிக்க ஆர்டர்கள் குறைந்ததிலிருந்து அவர் பையர்களின் (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரின்) அழைப்பை எடுப்பதில்லை, விலை கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கு நாள்கணக்கில் பதில் போடுவதில்லை, எடுத்த முடிவை மறுநாளே மாற்றிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் நானே பொறுப்பேற்கட்டுமா, அல்லது அவரை ஏதாவது வேலைக்கு அனுப்பிவிடட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். இன்று நீங்கள் திரும்பிப் போய் அமர்ந்தால் கம்பெனி ஒருவேளை நிமிரலாம்; ஆனால் தன்னால் முடியாது என்று அவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது உறுதியாகிவிடும். அந்த எண்ணத்தோடு வேலைக்குப் போகிறவர் அங்கேயும் பொறுப்பைக் கண்டால் பின்வாங்கவே செய்வார்.

முதலில் நடந்த நட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க அவருக்கு உதவுங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது. பையர்கள் தள்ளுபடி கேட்டதும் ஆர்டரை நிறுத்தி வைத்ததும் உங்கள் மகனின் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே திகைத்து நின்றதை நீங்கள் பார்த்தவர். அப்போது எந்தக் கடனை முதலில் அடைத்தீர்கள், எந்தப் பையரிடம் எப்படித் தவணை கேட்டீர்கள், எத்தனை இரவுகள் தூக்கமில்லாமல் கழிந்தன என்பதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலான தந்தையர் வென்ற கதையை மட்டுமே சொல்கிறார்கள். அதனால் தடுமாறுவது தான் ஒருவன் மட்டுமே என்று பிள்ளை நம்பிவிடுகிறான். அதே வேளையில், இரண்டு ஷிப்மென்ட்கள் தாமதமாகி, விமானச் சரக்குக் கட்டணத்தை நீங்களே ஏற்க நேர்ந்தது வரியால் வந்ததல்ல. அது அவருடைய பொறுப்பு. அதையும் மழுப்பாமல் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அவரால் திருத்தக்கூடிய பகுதி அதுதான்.

நம்பிக்கை வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று அவர் காத்திருப்பதாகத் தெரிகிறது. உண்மையில் கணக்கு தெளிந்தால்தான் முடிவெடுக்க முடியும்; எடுத்த சிறு முடிவுகள் சொன்னபடி நிறைவேறும்போது நம்பிக்கை பின்னால் வரும். எனவே, கடைசியாக முடிந்த மூன்று ஆர்டர்களை எடுத்து, விலை சொன்னபோது போட்ட காஸ்டிங்கையும் (செலவு மதிப்பீட்டையும்) உண்மையில் ஆன செலவையும் பக்கம் பக்கமாக வைத்து, நூல், நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி பதப்படுத்துவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொன்றையும் அவரே ஒப்பிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பீஸுக்கு 200 கிராம் துணி வீதம் 10,000 பீஸுக்கு 2,000 கிலோ தேவை. சேதாரம் 10 சதவீதம் என்று விலை சொல்லிவிட்டு, நடைமுறையில் 14 சதவீதம் போயிருந்தால், கூடுதலாக 80 கிலோ போயிருக்கிறது. துணி கிலோ 400 ரூபாய் என்றால் 32,000 ரூபாய், அதாவது பீஸுக்கு 3 ரூபாய் 20 காசு. பீஸுக்கு ஐந்தாறு ரூபாய் நிற்கும் ஆர்டரில் பாதிக்கு மேல் கட்டிங் மேசையிலேயே கரைந்துவிடுகிறது. "என்னால் வியாபாரம் செய்ய முடியவில்லை" என்று மருகுகிறவரைவிட, "லே போடும் (வெட்டுவதற்குத் துணியை அடுக்கும்) இடத்தில் நான்கு சதவீதம் கசிகிறது" என்று அறிந்தவரால் மறுநாள் காலையில் ஏதாவது செய்ய முடியும். இந்த வேலையைக் கணக்குப்பிள்ளையிடமோ ஆடிட்டரிடமோ ஒப்படைத்துவிட வேண்டாம். தன் கையால் போட்ட கணக்கே பையரிடம் பேசும்போது குரலுக்கு உறுதி தரும்.

அடுத்தது பணப்புழக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போட வேண்டிய தொழிலில், வரும் மூன்று மாதத்துக்கு வாரவாரியாக வரவு, செலவு எழுதிய ஒரு தாள் இருந்தால் பாதிப் பயம் குறையும். வங்கித் தவணை தவறப்போகிறது என்று அந்தத் தாள் காட்டினால், தவறுவதற்கு முன்பே மேலாளரைச் சந்திக்கச் சொல்லுங்கள். 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், ஆனால் அதற்கு முன்பே நெருக்கடியிலுள்ள சிறு தொழில்களின் கடனைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016-லேயே வழிமுறை வகுத்திருக்கிறது. உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்த பாக்கி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டித் தராத தொகையை, தரும்வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை நினைவூட்டி மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினால் உறவு முறிந்துவிடாது. அந்தக் கடிதத்தில் உங்கள் மகன் கையெழுத்திட வேண்டும், நீங்கள் அல்ல.

இப்போது உங்களிடம் சற்று கண்டிப்பாகவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிங் மாஸ்டரும் தையல் கான்ட்ராக்டரும் இன்னமும் வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டுப் போகிறார்கள், நீங்களும் பதில் சொல்லி அனுப்புகிறீர்கள். அனுபவத்தில் உங்கள் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் அன்று மாலை மகன் சொல்லும் எந்த வார்த்தைக்கும் வேலைத்தளத்தில் எடை இருக்காது, அது அவருக்கும் தெரியும். இனி வருகிறவர்களிடம் "தம்பியைக் கேளுங்கள்" என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். அவர் முடிவில் தவறு தெரிந்தால் இரவில் தனியாகச் சொல்லுங்கள். வேலையாட்கள் முன் மாற்ற வேண்டாம். அவருடைய பங்குக்கு ஒரு சிறு ஒழுங்கு போதும்: பையரின் மின்னஞ்சலுக்கு ஒரே நாளில் பதில், அது "இந்த விலைக்கு முடியாது" என்பதாக இருந்தாலும்.

மகனின் தூக்கமின்மையும் யாரோடும் பேசாமையும் இப்படியே தொடர்ந்தால், அதைச் சோம்பல் என்றோ பயந்த சுபாவம் என்றோ ஒதுக்கிவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஆறு மாதம் கழித்து இருவரும் அந்தத் தாள்களோடு மீண்டும் அமருங்கள். சேதாரம் குறைந்து, ஷிப்மென்ட் நாளில் போய், அதன் பிறகும் ஒவ்வொரு ஆர்டரும் கையைக் கடிக்கிறது என்றால், ஏற்றுமதியைச் சுருக்கி, பிறருக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்குக்கு மாறுவதையோ இயந்திரங்களை விற்றுக் கடனை முடிப்பதையோ அவரே முன்மொழியட்டும். அந்த நிலையில் வேலைக்குச் செல்ல விரும்பினால், பையிங் ஆபீஸ்களிலும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களிலும் மெர்ச்சண்டைசிங் (பையருக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் ஆர்டரைக் கவனிப்பது), உற்பத்தித் திட்டமிடல் பணிகளுக்கு அவர் முயலலாம். காஸ்டிங்கைத் தன் கையால் போட்டவர் என்பது அந்த நேர்முகத் தேர்வில் அவருக்குத் துணை நிற்கும். இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் தனியாகப் பேச விரும்பினால் நேரம் ஒதுக்கித் தருகிறேன்.