உயர் அழுத்தக் கேபிள்களில் காப்புப் பழுது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஆலையின் 11 கே.வி. (கிலோவோல்ட்) கேபிளை 5 கே.வி. மெகரில் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) சோதித்தபோது பல ஜிகா ஓம் காட்டியது. மின்சாரம் கொடுத்த சில வாரங்களிலேயே ஜாயின்ட் (கேபிள் துண்டுகளை இணைத்த இடம்) வெடித்துவிட்டது. மெகரை நம்பவே கூடாதா?

பதில்: நம்பலாம், ஆனால் அது அளப்பது காப்பின் வழியே கசியும் நேர்மின்னோட்டத்தை மட்டுமே. காப்பின் மேலுள்ள செமிகான் (அரைக்கடத்தி) அடுக்கை உரிக்கும்போது ஜாயின்டரின் கத்தி சற்று ஆழமாக இறங்கினால், எக்ஸ்எல்பிஇ (ஒருவகைப் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) காப்பின் மேல் மயிரிழை அளவில் ஒரு வெட்டு விழுந்து, அதற்குள் காற்று தங்கிவிடும். வெட்டுக்கு அடியில் நல்ல காப்பு இன்னும் சில மில்லிமீட்டர் இருப்பதால் மெகர் உயர்ந்த அளவையே காட்டும். மேலும், 11 கே.வி. கேபிளில் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 9 கே.வி.; உங்கள் மெகர் அதை எட்டவே இல்லை. இயங்கும் அழுத்தத்தில் அந்தக் காற்றுப்பையில் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நுண்ணிய மின்னிறக்கம் நிகழ்ந்து காப்பை அரித்துக்கொண்டே இருக்கும். இதைப் பிடிக்கப் பிகோகூலம் (மின்னூட்டத்தின் மிக நுண்ணிய அலகு) அளவில் அளக்கும் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (பகுதி மின்னிறக்க) சோதனைதான் வேண்டும். புதிய ஜாயின்ட் போட்ட கேபிளுக்கு இதைச் செலவென்று தள்ளிப்போடுவது என் பார்வையில் சரியல்ல.

கேள்வி: மழைக்காலத்தில் மட்டும் மெகர் அளவு சரிகிறது. கேபிள் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் டெர்மினேஷனின் (கேபிள் முடியும் முனை) மேற்பரப்பைத் துடைத்து உலர்த்தி, மேற்பரப்புக் கசிவு கணக்கில் சேராதபடி மெகரின் கார்ட் முனையை இணைத்து, மீண்டும் அளந்து பாருங்கள். அதன் பிறகும் அளவு ஏறாவிட்டால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: பழைய எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு டிசி ஹைபாட் (உயர் நேர்மின்னழுத்த) சோதனை செய்யலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய்க் காகிதக் கேபிளுக்குப் பொருந்திய அந்த முறை, ஈரத்தால் நீர்மரம் (மரக்கிளைபோல் பரவும் நுண்ணிய ஈரத் தடங்கள்) படர்ந்த எக்ஸ்எல்பிஇ காப்பில் மின்னூட்டத்தைத் தங்கவைத்துவிடும்; சோதனையில் தேறிய கேபிள் மீண்டும் ஏசி கொடுத்ததும் வெடிக்க அதுவே காரணமாகலாம். அதற்குப் பதில் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) சோதனை செய்யலாம்; 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் சோதனைக்குத் தேவைப்படும் மின்னேற்றத் திறன் 50 ஹெர்ட்ஸுக்குத் தேவைப்படுவதில் 500-ல் ஒரு பங்குதான் என்பதால், கருவியை ஒரு வேனிலேயே கொண்டுபோய்விடலாம். அதனுடன் டான் டெல்டாவையும் (காப்பில் வீணாகும் மின்னாற்றலைக் காட்டும் அளவு) அளந்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது அந்த மதிப்பும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் நீர்மரத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அது முழு நீளத்துக்குமான சராசரி என்பதால் பழுது எந்த இடத்தில் என்று சொல்லாது.

கேள்வி: பழுது ஏற்பட்டுவிட்டது. தோண்ட வேண்டிய இடத்தை எப்படிக் கண்டறிவது?

பதில்: டிடிஆர் (துடிப்பின் எதிரொலியைக் கொண்டு தூரம் அளக்கும்) கருவி அனுப்பும் துடிப்பு எக்ஸ்எல்பிஇ கேபிளில் மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 160 முதல் 170 மீட்டர் வேகத்தில் ஓடும். 166 மீட்டர் என்று வைத்தால், 10 மைக்ரோ விநாடியில் எதிரொலி வந்தால், அது போய்வரும் நேரம் என்பதால், பழுது 830 மீட்டரில் இருக்கிறது. உயர் மின்தடைப் பழுது டிடிஆருக்குத் தெரியாது. தம்பர் (கேபிளுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுக்கும் கருவி) பழுதில் உண்டாக்கும் பொறி எரியும் கணத்தில் துடிப்பை அனுப்பும் ஆர்க் ரிஃப்ளக்‌ஷன் முறையே அதற்கு ஏற்றது. பிறகு தம்பரை இயக்கியபடி தரைமேல் நடந்து, அது எழுப்பும் காந்தத் துடிப்புக்கும் ஒலிக்கும் இடையிலான நேர இடைவெளி எங்கு மிகக் குறைவோ அங்கே குறியிடுங்கள். கேபிள் பைப்புக்குள் போகுமானால் ஓசை பைப்பின் வாயில் பலமாகக் கேட்டு ஏமாற்றும். அங்கே காதை விட நேர இடைவெளியையே நம்புங்கள். இடம் தெரியாமல் மணிக்கணக்கில் தம்பரை இயக்கினால், பழைய கேபிளின் நல்ல பகுதிகளும் சேர்ந்து கெடும்.