பயோமெடிக்கல் படித்தால் மெஷின் ரிப்பேர் மட்டும்தானா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பி.இ. பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள், ஐ.டி. வேண்டாம், 'கிளினிக்கல் எவிடென்ஸ்' பக்கம்தான் போவேன் என்று அடம் பிடிக்கிறாள், அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அது என்ன வேலை என்று விளங்க ஒரு வால்வின் கதையைச் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். இறக்குமதி வால்வு ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத காலம் அது. முதல் மாதிரிகள் தேறவில்லை. ஒன்றில் பற்றவைத்த கம்பி உடைந்தது. இன்னொன்றில் வால்வைத் திறந்து மூடும், செயற்கை நீலக்கல்லில் செய்த தட்டே உடைந்தது, அதுவும் செம்மறி ஆட்டுக்குப் பொருத்திய பிறகு. கடைசியில் தட்டுக்குக் கைகொடுத்தது உயர்தர பாலிஎதிலீன், அதாவது ஒருவகை பிளாஸ்டிக்.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், இனி விற்கலாம் என்று யாரும் கிளம்பிவிடவில்லை. 6 மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

தட்டு எத்தனை கோடி முறை திறந்து மூடினால் எவ்வளவு தேயும் என்பதை லேபில் உள்ள மெஷின் சொல்லிவிடும். ரத்தம் உறையாமலிருக்கப் போட வேண்டிய மாத்திரையை ஒழுங்காகப் போடாத ஒருவரின் நெஞ்சுக்குள் அதே வால்வைச் சுற்றி ரத்தம் கட்டுமா என்பதை அது சொல்லாது. எதை எண்ணுவது, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் என்று முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வந்த தரவை டாக்டரும் நம்பும்படி, அரசும் ஏற்கும்படி எழுத வேண்டும். உங்கள் மகள் கேட்கிற வேலை அதுதான். கம்பெனிகளில் 'கிளினிக்கல் அஃபேர்ஸ்', 'ரெகுலேட்டரி அஃபேர்ஸ்' என்ற பெயர்களில் இருக்கும்.

இதற்கு இப்போது ஆள் தேவைப்படக் காரணம் சட்டம். நம் நாட்டின் மருத்துவ சாதன விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தைப் பொறுத்து சாதனங்களை ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள்; இதய வால்வு, ஆபத்து மிக அதிகமான டி. அதுபோன்ற ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாத புதுச் சாதனமென்றால் பொதுவாக மனிதர்களிடம் சோதித்த ஆதாரம் காட்டியாக வேண்டும். ஐரோப்பாவில் 2021 மே 26 முதல் இன்னும் கெடுபிடி: விற்ற பிறகும் ஆதாரம் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு செயற்கை இடுப்பு மூட்டை 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். சந்தைக்கு வந்து, பலருக்கும் பொருத்திய பிறகு தெரிந்த குறை அது.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? வெளியிலிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும். உள்ளே போனால் பாதி நாள் கட்டுரை படிப்பதும், அறிக்கை எழுதுவதும், மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி கேட்ட கேள்விக்குப் பதில் தயாரிப்பதும்தான். எழுத்து வராத பிள்ளைக்கு இது தண்டனை. (இன்ஜினியரிங் கல்லூரிகளில் எழுதவே சொல்லித்தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.)

மூன்று மாத சர்டிபிகேட் கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டாதீர்கள். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது. அதற்கு கேட் தேர்வு எழுத வேண்டும். புள்ளியியலை மட்டும் இப்போதே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சாதனம் பற்றிய ஆய்வுகளாகப் பத்தை எடுத்து, எத்தனை பேர், ஏன் அத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நாலாவதிலேயே சலித்துவிட்டால் உங்களிடம் தானே சொல்லிவிடுவாள்.

கேம்பஸில் ஐ.டி. வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டே கேட் எழுதட்டும். அவள் அப்பாவிடமும் இதை இப்படியே சொல்லுங்கள்.