துறைமுகத்தைச் சுற்றி லாரி நெரிசல்: கணிப்பைச் சாலையில் தொடங்குவதா, கேட்டில் தொடங்குவதா?

சரக்கு முனையத்தைச் சுற்றி ஏற்படும் நெரிசலைக் கணினியில் கணிக்க, சாலையின் கொள்ளளவிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முனையத்தின் நுழைவு கேட்டிலிருந்து தொடங்குங்கள். பாலக்காட்டுக்கும் கேரள-தமிழக எல்லையிலுள்ள வாளையாருக்கும் நடுவே, கஞ்சிக்கோட்டிலிருந்து கொச்சியின் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்கு டிரெய்லர் அனுப்பும் வேலை எனக்கு.

வாளையாரையே பாருங்கள். வரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடி போனது, வரிசையும் கரைந்தது. அதற்காக யாரும் சாலையை ஓர் அடிகூட அகலப்படுத்தவில்லை.

ஒரு கேட்டில் வண்டிக்குச் சராசரியாக 3 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 20 வண்டி கடக்கலாம். மணிக்கு 16 வந்தால், வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி ஒரு வண்டி வரிசையில் சேர்ந்து கேட்டைக் கடக்கச் சராசரியாக 15 நிமிடம் ஆகும். 19 வந்தால் ஒரு மணி நேரம். கூடியது மூன்றே வண்டி, ஆகும் நேரமோ நான்கு மடங்கு! அப்போது சராசரியாக 19 வண்டி நிற்கும். இடைவெளியோடு வண்டிக்கு 18 மீட்டர் என்றால் 340 மீட்டர். இது வளாகத்துக்குள் அடங்குமா, களமசேரியிலிருந்து வரும் கண்டெய்னர் சாலையில் ஒரு தடத்தை விழுங்குமா? சாலைக் கணக்கு இங்கேதான் ஆரம்பம். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கையேடு ஒரு டிரெய்லரை 4.5 கார்களுக்குச் சமமாகக் கொள்கிறது. அது ஓடுகிற டிரெய்லருக்கு. நிற்கிற டிரெய்லர் சுவர்.

சராசரியை மட்டும் நம்பினாலும் கோட்டைவிடுவீர்கள். கண்டெய்னர் பெட்டியின் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உண்டு. ஏற்றுமதிப் பெட்டியை முனையத்துக்குள் விடுவதற்கான சீட்டான ஃபார்ம் 13-இல் அதில் ஓர் இலக்கம் மாறிவிட்டால் போதும்: டிரைவர் கேட்டில் நின்றபடி போன் செய்வார், நாங்கள் ஏஜெண்டைத் தேடுவோம், பின்னால் ஹாரன் அலறும். (கடைசி இலக்கம் பிழை கண்டுபிடிக்கத்தான் இருக்கிறது, அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?) கேட் நேரத்தின் ஏற்ற இறக்கம் கூடக் கூட, சராசரி மாறாவிட்டாலும் வரிசை நீளும்.

வருகையும் சீராக இராது. கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்கு, அதாவது அதற்கான பெட்டிகளை முனையம் ஏற்கும் கடைசி நேரத்துக்கு, முன் எல்லோரும் ஒன்றாக வந்து குவிவார்கள். ஆகவே நாள் சராசரியை விட்டுவிட்டு, மணிவாரி வருகையை எடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் பகல் நேரப் பெட்டிகளுக்குக் கட்டணம் விதித்தார்கள். சரக்கு இரவுக்கு நகர்ந்தது. கூடவே, கட்டணமில்லா நேரம் தொடங்கும் மாலை 6 மணிக்கு முன்னதாகவே லாரிகள் வெளியே வரிசை கட்டின.

மென்பொருளுக்குச் செலவில்லை, போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும், ஜெர்மனியில் உருவான 'சூமோ' இலவசம். ஒவ்வொரு வண்டியும் வரிசையில் சேர்ந்த நேரம், கேட்டில் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகிய மூன்றும்தான் கிடைப்பது கஷ்டம். முனையம் தராவிட்டால் எங்களைப் போன்ற டிரான்ஸ்போர்ட் அலுவலகங்களில் ஜி.பி.எஸ். பதிவைக் கேளுங்கள். லாரி காத்து நின்றதற்கான ஹால்டிங் வாடகைத் தகராறுக்காக அதைப் பத்திரமாகவே வைத்திருக்கிறோம்.