பென்டிரைவ் அதுவாகவே சொல்லும் கணக்கை நம்பலாமா? கேள்வி பதில்

சேலம் நாலு ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். புது பென்டிரைவ் அசலா போலியா என்ற கேள்விகளுக்கு மட்டும் இன்றைக்குப் பதில். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறேன்.

இளம்பிள்ளை: அண்ணா, தறியில டிசைன் போடற எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு டிசைன் ஏத்த 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். பழைய டிசைன் எல்லாம் திறக்குது. போன வாரம் போட்டதுக்குப் பேரு மட்டும் இருக்கு, தறி எடுக்க மாட்டேங்குது. கோளாறு தறியிலயா, டிரைவ்லயா?

டிரைவ் மேல்தான் எனக்குச் சந்தேகம். உள்ளே மெமரி சில்லு ஒன்று, அதை மேய்க்கும் கன்ட்ரோலர் ஒன்று. "நான் எத்தனை ஜிபி" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கன்ட்ரோலர். போலி போடுகிறவர்கள் 8 ஜிபி மெமரியை வைத்துவிட்டு, 64 என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். 8 ஜிபி நிறைந்த பிறகு வருவதைச் சிலது அப்படியே கொட்டிவிடும், சிலது பழையதன் தலைமேல் எழுதும். ஃபைல் பெயர்ப் பட்டியல் டிரைவின் ஆரம்பத்திலேயே இருப்பதால் பெயர் மட்டும் தப்பிக்கும்.

எனக்கே பட்ட அனுபவம். அக்கா பையன் காதுகுத்து வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். சீர்த்தட்டு வரும் வரை அருமையாக ஓடியது. தாய்மாமன் நான், என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தின இடம் மட்டும் இல்லை.

கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஜெர்மன்காரர் எழுதியது. உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் காப்பி எடுங்கள், டிரைவைக் காலி செய்யுங்கள், முழு இடத்தையும் தேர்ந்தெடுத்து எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜிபியாக எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எவ்வளவு தேறியது, எவ்வளவு தொலைந்தது என்று கடைசியில் சொல்லிவிடும்.

இது முடியாமல் புது டிரைவில் உங்கள் ஃபைல் எதையும் போடாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்வேன்.

ஏற்காடு: இங்க கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. எவ்வளவு நேரம் ஆகும்ங்க?

நொடிக்கு 10 எம்பி எழுதும் டிரைவ் என்றால் 64 ஜிபிக்கு எழுத மட்டும் 1 மணி 47 நிமிடம். படிப்பது அதைவிடச் சீக்கிரம் முடியும். லேப்டாப்பில் போடுங்கள். அவசரமென்றால் 2023-ல் ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க மென்பொருள்காரர் வெளியிட்ட வேலிடிரைவ் விண்டோஸுக்கு இருக்கிறது. டிரைவ் முழுக்கப் பரவலாக 576 இடத்தைத் தொட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். சோறு வெந்ததா என்று நாலு பருக்கை எடுத்துப் பார்க்கிற மாதிரி.

சூரமங்கலம்: லினக்ஸ்ல?

எஃப்3 என்ற மென்பொருள். முதலில் எஃப்3ரைட் எழுதும், பிறகு எஃப்3ரீட் படித்துப் பார்க்கும்.

செவ்வாய்ப்பேட்டை: கையில எடுத்தா கனமா இருக்கணும், அதுதானே ஒரிஜினல்?

ஒரு இரும்புத் துண்டைச் சேர்த்து ஒட்டினால் கனம் வந்துவிடும். அட்டையும் லோகோவும் அச்சகத்துச் சமாச்சாரம், அதை வைத்தும் முடிவு கட்ட முடியாது.

குகை: 64 வாங்கினேன், விண்டோஸ்ல 59.6 காட்டுது. மீதியைக் கடைக்காரர் தின்னுட்டாரா?

இல்லை. தயாரிக்கிறவர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. பூக்காரம்மா முழமும் வாங்குகிறவர் முழமும் வேறாக இருப்பது போலத்தான்.

அம்மாப்பேட்டை: அண்ணா, முழம்னா ஆளுக்கு ஆள் கை மாறும். பைட்டு மாறுமா? சப்பைக்கட்டு.

குத்து சரியான இடத்தில் விழுந்தது. பைட் மாறவில்லை, ஒரே பெயரை இரண்டு அளவுக்கு வைத்ததுதான் வினை. பெரிய அளவுக்கு 1998-லேயே கிபிபைட் (GiB) என்று தனிப்பெயர் வைத்தாகிவிட்டது. விண்டோஸ் அந்த அளவில் எண்ணிவிட்டு ஜிபி என்றே போடுகிறது.

குகை: அப்ப தப்பு மைக்ரோசாஃப்ட் மேலதானே? கடைக்காரர் ஏன் அட்டையில சின்ன எழுத்துல போடறாரு?

பெயர் விஷயத்தில் விண்டோஸ்தான் தப்பு என்பது என் கட்சி. மேக் 2009-லேயே 100 கோடிக் கணக்குக்கு மாறிவிட்டது. சின்ன எழுத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

அம்மாப்பேட்டை: விண்டோஸ்லயே முழுசா 64 காட்டினா?

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படியென்றால் 6,800 கோடி பைட்டுக்கு மேல். அட்டையில் போட்டதைவிட 400 கோடிக்கு மேல் யார் சும்மா தருவார்கள்? அதற்காக 59 காட்டுவதெல்லாம் அசல் என்று கிளம்பிவிடாதீர்கள், போலிக்கு அதையும் சொல்லத் தெரியும்.

அஸ்தம்பட்டி: 32 வாங்கினா 29.8 காட்டுது, போலியா?

மேலே இரண்டு பேர் இதற்குத்தான் மல்லுக்கட்டினார்கள்.

கொண்டலாம்பட்டி: 5 ஜிபி படம் ஒண்ணு ஏறவே மாட்டேங்குது.

அது ஃபேட்32 ஃபார்மட்டின் குணம், ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். டிவியில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் அது எக்ஸ்ஃபேட் படிக்குமா என்று முதலில் பாருங்கள்.

ஜங்ஷன்: 2 டெராபைட் 499 ரூபாய்க்கு வந்துச்சு...

போலி.

ஜங்ஷன்: ஃபார்மட் பண்ணினா சரியாகிடுமா?

ஆகாது. இல்லாத மெமரி எங்கிருந்து முளைக்கும்?

ஐந்து ரோடு: கடையில திருப்பி வாங்க மாட்டேங்கறாங்க. பில் இருக்கு.

பில் இருப்பதால்தான் பேசவே முடிகிறது. சோதனை முடிவைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்.

செவ்வாய்ப்பேட்டை: நீல கலர் நாக்கு இருந்தா ஒரிஜினல்னு மச்சான் சொல்றாரு.

யூஎஸ்பி 3.0 என்பதற்கு வழக்கமாக வைக்கும் நிறம் அது. நீல பிளாஸ்டிக் போலிக்காரருக்கும் கிடைக்கும். எழுதி, படித்துப் பாருங்கள், மச்சானுடையதையும் சேர்த்து.

இளம்பிள்ளை: அண்ணா, ஓட்டிப் பார்த்தேன். 7.4 தேறுச்சு, மிச்சம் எல்லாம் போச்சு. அந்த 7.4-ஐ மட்டும் வச்சு ஓட்டலாமா?

நிஜ அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுத் தர லினக்ஸில் எஃப்3ஃபிக்ஸ் இருக்கிறது. வீட்டில் பாட்டுக் கேட்க அது போதும். தறிக்கு வேண்டாம், பாதிச் சேலையில் டிசைன் படிக்காமல் போனால் நூல் கூலி யார் தருவார்? போன வாரத்து டிசைனை இனி அந்த டிரைவில் தேடாதீர்கள். போட்டுக் கொடுத்தவர் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், அவர் அழிப்பதற்குள்.