இசையும் இலக்கியமும் சேர்த்துப் படித்தால்: கேள்வி பதில்

இசை மாணவர்களுக்கு இலக்கியமும், தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாளமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரண்டையும் சேர்த்துப் படிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

தமிழ் இளங்கலை மாணவி, மதுரை: ஐயா, யாப்பு எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. பாட்டு கற்றால் உதவுமா?

நிச்சயம் உதவும். திருப்புகழை எடுங்கள். 'முத்தைத்தரு பத்தித் திருநகை, அத்திக்கிறை சத்திச் சரவண'. இதன் சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன'. தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். 'திருநகை' விழும் இடம் 'தனதன', நாலும் குறில். ஆனால் கடைசி எழுத்து 'கை'. ஐகாரம் நெடில் அல்லவா? அருணகிரிநாதர் அதைக் குறிலின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். 'அத்திக்கிறை'யின் 'றை'யும் அப்படித்தான். 'முத்தைத்' என்பதில் நடுவில் வரும் 'தை'யும் அப்படித்தான். நெடிலாக நீட்டிப் பாடினால் தாளம் இடறிவிடும்.

சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் குறுகும் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த விதியை இங்கே உங்கள் கையே கண்டுபிடிக்கிறது. அதற்குப் பிறகு மறக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: முதலில் மெட்டே இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். மெட்டு பிறகு வரட்டும்.

இசை மாணவர், மட்டக்களப்பு: சிலப்பதிகாரம் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. பாட்டுக்காரனுக்கு அதில் என்ன இருக்கிறது?

தம்பி, இடைப்பெண்கள் ஆடிப் பாடும் பகுதியான ஆய்ச்சியர் குரவையை மட்டும் படியுங்கள், போதும். மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களை இடுகிறாள். பிறகு குரலை மாயவன், அதாவது கண்ணன் என்கிறாள், இளியை அவன் அண்ணன் பலராமன் என்கிறாள், துத்தத்தைக் கண்ணனின் காதலி நப்பின்னை என்கிறாள்.

இசை தெரியாதவர் இதைப் பெயர் சூட்டும் விளையாட்டு என்று கடந்துபோவார். நீங்கள் அப்படிப் போக முடியாது. குரலை ஸட்ஜமாக (ஸ) கொண்டால் ஐந்தாவதான இளி பஞ்சமம் (ப). தம்புராவில் ஓயாமல் கேட்கும் ஸ-வும் ப-வும்தான் தம்பியும் அண்ணனும். மாயவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நப்பின்னை குரலை அடுத்த துத்தம். கதைக்குள் இருக்கும் உறவும் சுரங்களுக்குள் இருக்கும் உறவும் ஒரே வட்டத்தில் நிற்கின்றன. இளங்கோவடிகள் எதையும் சும்மா அடுக்கவில்லை.

உங்கள் மண்ணின் விபுலாநந்த அடிகள் இந்த நூலின் இசைப் பகுதிகளைக் கொண்டுதான் பழைய யாழ்களை ஆராய்ந்தார். 'யாழ் நூல்' 1947-இல் வந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார்.

தஞ்சாவூர்: தேவாரத்தை எந்த ராகத்தில் பாட வேண்டும்?

பதிகத்தின் தலைப்பில் பண், அதாவது பழந்தமிழ் இசையின் ராகம், போட்டிருக்கும். நட்டபாடையை இன்று கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்தில், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில். மற்றவற்றை ஓதுவார் ஒருவரிடம் கேளுங்கள்.

கோவை: திருவாசகத்தை எந்த ராகத்தில் பாடலாம்?

பொருள் புரிந்து மெட்டில்லாமல் படித்தீர்களா? படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: இரண்டு குதிரையில் சவாரி வேண்டாம் என்பது என் கட்சி. உ.வே.சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டு கற்றார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அதனால்தானே அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி நமக்குக் கிடைத்தது?

ஐயா, இசைப் பழக்கம் வந்தால் இலக்கண இலக்கியத்தில் புத்தி முழுதாகச் செல்லாது என்று பிள்ளையவர்கள் கருதியது உண்மை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒரு நாளைக்கு இருக்கும் பொழுது கொஞ்சம்தானே.

ஆனால் அதே பிள்ளையவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று, நூலைப் பாராட்டும் சிறப்புப் பாயிரம் தராமல் நாள் கடத்திவந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடியதைக் கேட்டு உருகிய பிறகுதான் எழுதிக் கொடுத்தார். ஏட்டில் பிழையாகப் பட்டது, காதில் விழுந்தபோது வேறாக நின்றது.

அதே ஆசிரியர்: உருகியது பிள்ளையவர்களின் மனம். பதிப்பு வேலைக்கு உருக்கம் எதற்கு? கவனம்தான் வேண்டும்.

திருவையாற்றிலிருந்து ஒருவர்: ஐயா சொல்வது சரி. பாட்டு கற்றிருந்தால் உ.வே.சா. பாகவதராகியிருப்பார்.

நீங்கள் இருவரும் அவர் இசையையே விட்டுவிட்டதாகப் பேசுகிறீர்கள். விட்டது பாடம் கேட்பதை மட்டும்தான். அவருடைய தந்தையார் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர். அந்தக் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் மூவரைப் பற்றியும் உ.வே.சா. நூல் எழுதினார். இசையில் காது இல்லாதவர் எழுதக்கூடியவையா அவை?

1892-இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அவர் பதிப்பித்தார். அதில் மாதவி மேடையேறும் அரங்கேற்று காதைக்கு வந்துபாருங்கள். யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் இலக்கணம். உரையாசிரியரோ இசைநுணுக்கம், பஞ்சமரபு என்று இசை நூல்களைத் துணைகொண்டு எழுதுகிறார். இந்த இடத்தில் கவனம் மட்டும் இருந்து என்ன பயன்? எதைக் கவனிப்பது என்று தெரிய வேண்டாமா? இலக்கியக்காரர் இசையை அறவே ஒதுக்கினால் தமிழின் பாதி உரைகள் அவருக்கு வாய் திறக்காது.

இன்னொருவர்: ஐயா, அப்படியானால் சிந்தாமணி...

இந்த வழக்கை இத்தோடு விடுகிறேன். மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

இசைப்பள்ளி மாணவி: பாடும்போது எழுத்துகளை நீட்டுகிறோம். அது தமிழைக் கெடுப்பது என்கிறார் எங்கள் வகுப்புத் தோழி.

தோழியிடம் தொல்காப்பியத்தில் நூன்மரபு என்ற இயலின் கடைசி நூற்பாவைக் காட்டுங்கள். 'அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும் உளவென மொழிப' என்று தொடங்குவது. இசையில் உயிரும் ஒற்றும் தம் அளவைக் கடந்து நீளும் என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது.

நீட்டலாம், தவறான இடத்தில் வெட்டத்தான் கூடாது. பாபநாசம் சிவனின் 'மாரமணன் உமாரமணன்' பாடுகிறீர்கள் என்றால், மாரமணன் திருமகளின் கணவரான திருமால், உமாரமணன் உமையின் கணவரான சிவன்; 'உ'வில் இழுத்து நிறுத்தி 'மாரமணன்' என்று எடுத்தால் சிவபெருமான் காணாமல் போய்த் திருமாலே இரண்டு முறை வருகிறார். மூச்சு எங்கே எடுப்பது என்பதைப் பொருள்தான் சொல்லும். அதற்காகத்தான் மெட்டில்லாமல் படி, படி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சேலம்: சினிமாப் பாட்டு எழுத என்ன செய்யலாம்?

அது என் துறை இல்லை.

விழுப்புரம்: திருக்குறளை எந்த ராகத்தில்...

மேலே கோவைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பெற்றோர், திண்டுக்கல்: மகனுக்குத் தேவாரம் முறையாகக் கற்பிக்க வேண்டும். எங்கே சேர்க்கலாம்?

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள். தேவாரத்துக்குத் தனி வகுப்பு இருக்கும், மூன்று ஆண்டுப் படிப்பு. சேர்த்த பிறகு, இந்த வாரம் பாடம் சொல்லிக்கொடுத்த பதிகத்துக்குப் பொருள் என்ன என்று வாராவாரம் பையனிடம் கேளுங்கள்.